நாற்பத்து நாலுக்கு மேலே

"மிஸ், நான் எடை ஏறணும். என்ன சாப்பிடணும்னு சொல்லுங்க."

ஜூடோ விரிப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த பயிற்சியாளர் ஆக்ஸிலியா நிமிர்ந்து பார்த்தார்.

"எல்லாரும் குறைக்கத்தான் வழி கேப்பாங்க. உனக்கு என்ன வந்துச்சு தாரணி? இப்ப நாப்பத்திமூணு கிலோ. நாப்பத்துநாலு கிலோ பிரிவுல ஸ்கூல்ல உன்ன அடிக்க ஆளே இல்ல."

"அடுத்த பிரிவுக்குப் போறேன் மிஸ். நாப்பத்தெட்டுக்கு."

"அதுல நம்ம ஸ்கூல்ல இப்ப யாரும் இல்லதான். ஆனா வெளியூர்க்காரிக உன்ன அலாக்காத் தூக்கிப் போட்டுருவாளுக."

"பரவாயில்ல மிஸ்."

எப்படிக் கேட்டும் தாரணி காரணத்தைச் சொல்லவில்லை.

"சரி. பரோட்டா, பன்னு, சிப்ஸ்னு தின்னு ஊதிப்போய் வந்து நின்னே, அப்புறம் இருக்கு உனக்கு. முட்டை, பாலு, அவிச்ச கடலை, மலைவாழைப்பழம். ஒரேயடியா அமுக்காம பிரிச்சுப் பிரிச்சுச் சாப்பிடு. பயிற்சியையும் விட்டுறாத. ஏறுறது தெம்பா ஏறணும், தொப்பையா இல்ல."

பூம்பாறை வீட்டில் மறுநாளே ஆரம்பித்துவிட்டது. காலையில் முட்டை. ஸ்கூல் பையில் கடலை. பக்கத்துத் தோட்டத்துப் பட்டர் ஃப்ரூட்டை நாட்டுச்சர்க்கரை போட்டுப் பிசைந்து ஒரு டப்பா. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் நல்லெண்ணெய் ஊற்றி உளுந்தங்களி.

"ஒரு இட்லியோட எந்திரிக்கிற புள்ள! பூண்டுக் காட்டுல நாள் முழுக்கக் களையெடுக்குற ஆளுகூட இம்புட்டுத் திங்காது" என்று அம்மா முருகேஸ்வரி வாயில் கை வைத்தாள்.

"திங்கட்டும் விடு. நீ வேற கண்ணு வச்சுக்கிட்டு" என்றார் அப்பா ராஜமுருகன்.

மூன்றாவது வாரத்தில் கடலையைப் பார்த்தாலே தாரணிக்குக் குமட்டியது. எடை பார்த்தால் அரைக் கிலோதான் ஏறியிருந்தது. தட்டைத் தள்ளிவிட்டு அழுதாள்.

"வேணாம்னா விட்டுரு ஆத்தா. எதுக்கு இப்படிக் கெடந்து அல்லாடுற?"

"விட முடியாதும்மா."

மறுநாள் அம்மா கடலையை வறுத்து, எள்ளும் கருப்பட்டியும் சேர்த்து இடித்து, உருண்டை பிடித்துக் கொடுத்தாள். அது இறங்கியது. எடையும் மெல்ல ஏறியது.

செண்பகனூர் அனிட்டா, ஆறாம் வகுப்பிலிருந்து தாரணிக்கு உயிர்த்தோழி. ஜூடோவிலும் ஜோடி. அவளிடம்கூட இதைப் பற்றித் தாரணி மூச்சு விடவில்லை. கோடைக்கானல் குளிருக்கு எல்லோரும் ஸ்வெட்டருக்குள்ளேயே இருந்ததால், யார் இளைத்தது, யார் பெருத்தது என்று யாருக்கும் தெரியவில்லை.

மாவட்டப் போட்டிக்கு ஆள் எடுக்கும் நாள் வந்தது. தாரணி எடைக் கருவியில் ஏறினாள். முள் நாற்பத்தாறில் நின்றது.

"சாதிச்சுட்டியே!" ஆக்ஸிலியா குரலைத் தாழ்த்தினார். "இப்பவாவது சொல்லு. எதுக்கு இது?"

தாரணி அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"போன வருஷம் செலக்‌ஷன்ல அனிட்டாவத் தோக்கடிச்சுட்டுத்தான மிஸ் நான் போனேன்? ஒரு மாசம் அவ என் மூஞ்சியக்கூடப் பாக்கல. எனக்குச் சோறே எறங்கல. ஒரு பிரிவுக்கு ஒரு ஆளத்தான அனுப்புவீங்க? நான் மேல வந்துட்டா, அந்த எடம் அவளுக்கு. ரெண்டு பேரும் சேர்ந்து திண்டுக்கல் போவோம்ல. அவகிட்ட சொல்லிறாதீங்க மிஸ்."

ஆக்ஸிலியா அவள் தோளைத் தட்டி, நாற்பத்தெட்டு கிலோ வரிசையில் போய் நிற்கச் சொன்னார். பிறகு பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார்.

"அடுத்து, அனிட்டா!"

அனிட்டா ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே எடைக் கருவியில் ஏறினாள். முள் நாற்பத்து நாலைத் தாண்டி, நாற்பத்தைந்தைத் தாண்டி, நாற்பத்தாறரையில் நின்றது.

ஆக்ஸிலியா முள்ளை இன்னொரு முறை பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வரிசையைக் கை காட்டினார். அங்கே திரும்பிய அனிட்டாவின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"அடிப்பாவி, நீ எதுக்குடி இங்க நிக்கிற? இன்னொரு தடவ உன்கிட்ட தோக்க முடியாதுன்னு, உனக்குப் பயந்துதானடி ரெண்டு மாசமா மூக்கப் புடிச்சுக்கிட்டுத் தின்னு இங்க ஓடியாந்தேன்!"