பத்துக்கு ஒன்பதரை

சமையலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, ஜெயபாலன் அந்தக் கறுப்புத் தண்ணீரைப் புனல் வைத்துப் பாட்டிலுக்குள் ஊற்றினான். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. இதைக் குடித்த பிறகு மச்சான் மருதமுத்து இந்த ஊரில் தலை நிமிர்ந்து நடக்கக் கூடாது என்று கருவிக்கொண்டே மூடியைத் தட்டி இறுக்கினான்.

பயப்படாதீர்கள், விஷமில்லை. பாலில்லாமல் கட்டியாகக் காய்ச்சிய கோப்பி ஓ, கருக விட்ட குலா மலாக்கா வெல்லம், கசப்புக்கு வேப்பிலைச் சாறு, நுரைக்குச் சோடா, அவ்வளவுதான். எதையும் அவன் அளந்து பார்க்கவில்லை. கையே பதம் பார்த்துப் போட்டது.

இவ்வளவு வன்மம் எதற்கு என்று கேட்பீர்கள். மருதமுத்து அவன் மனைவி சந்திரமதியின் அண்ணன். துறைமுகக் கிட்டங்கியில் வேலை. மலாக்காவுக்குள் வருகிற பீரெல்லாம் தன் நாக்கைக் கேட்டுவிட்டுத்தான் வருகிறது என்று நினைப்பு. நிறம், நுரை, வாசனை, கசப்பு என்று நோட்டுப் போட்டு மார்க் எழுதுகிற மனிதர்.

ஜெயபாலனுக்கும் அதே பைத்தியம்தான். ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் என்றால் அவனுக்கு உயிர். கண்ணைக் கட்டிவிட்டாலும் கண்டுபிடிப்பான். மற்ற வகைகளில்தான் தடுமாற்றம். சித்திரை வருஷப் பிறப்பன்று நடந்த பந்தயத்தில் ஏல் பீரைக் குடித்துவிட்டு லாகர் என்று சொல்லித் தொலைத்தான்.

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? மாப்ளைக்குக் கள்ளுதான் லாயக்கு!" என்றார் மருதமுத்து, சொந்தபந்தம் நிறைந்த சபையில். அன்றிலிருந்து அவன் குடியிருக்கும் காஜா பேராங்கில் மட்டுமல்ல, அவன் வேலை பார்க்கும் பஸ் கம்பெனி ஆபீசிலும் ஜெயபாலனுக்குப் பெயர் 'கற்பூரம்'. ஐந்து மாதமாக அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மெர்டேக்கா சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்து மூன்றாவது ஞாயிறு மத்தியானம், மருதமுத்து தெங்கேராவிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார். கம்போங் செட்டியிலிருந்து தம்பிராஜாவையும் ஜெயபாலன் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தான். அவர் காதுக்கு ஒரு சங்கதி போனால் பொழுது சாய்வதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

தொட்டிலில் பத்து மாதப் பிள்ளை புட்டிப் பாலைச் சப்பிக்கொண்டிருந்தது. மருதமுத்து குனிந்து பார்த்தார். "மருமகனுக்கு இன்னும் டின் பாலுதானா?"

"வேற என்ன செய்றது மச்சான்? பிள்ளை பெத்தவளுக்கு ஸ்டவுட் குடுத்தா பால் ஊறும்னு ஒரு டஜன் வாங்கியாந்தீங்க. நானே தினமும் என் கையால ஊத்திக் குடுத்தேன். ஊறுச்சா? உங்க வீட்டு உடம்பு வாகு அப்படி."

வடைத் தட்டோடு வந்த சந்திரமதி தலையைக் குனிந்துகொண்டாள். பத்து மாதமாக இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் கழுத்தே அப்படிப் பழகிவிட்டது.

ஜெயபாலன் லேபிள் இல்லாத பாட்டிலைக் கொண்டுவந்து வைத்தான். "தோட்டத்துத் துரை ஒருத்தரு, சீமைக்குக் கப்பலேறுறப்ப எனக்குக் குடுத்துட்டுப் போனது. அயர்லாந்துல மடத்துச் சாமியாருங்க காய்ச்சுற ஸ்டவுட்டாம். மலாயாவுல இது யாரு நாக்குலயும் பட்டதில்ல. நீங்கதான் மார்க் போடணும்."

தெரியாது என்று சொல்லி மருதமுத்துவுக்குப் பழக்கமில்லை. ஒரு வாய் குடித்து, கன்னத்தில் ஒதுக்கி, கண்ணை மூடிக்கொண்டார். "ஆகா! வறுத்த பார்லி வாசம்! கசப்பு நாக்கு நுனியில இல்ல, தொண்டையில போய் நிக்குது பாத்தீங்களா? சாமியாருங்க கைன்னா சும்மாவா?"

நோட்டைப் பிரித்துப் பத்துக்கு ஒன்பதரை என்று எழுதினார். கேட்காமலே கையெழுத்தும் போட்டார்.

மை காயக்கூட ஜெயபாலன் விடவில்லை. நோட்டைப் பிடுங்கித் தம்பிராஜா மடியில் போட்டான். "கோப்பி ஓ! கருக்கின குலா மலாக்கா! வேப்பிலை! சோடா! இதுல ஒரு சொட்டு பீர் கிடையாது. நான் காய்ச்சுனது. இப்பச் சொல்லுங்க மச்சான், கழுதை யாரு?"

"அலாமா!" தம்பிராஜா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "கோப்பி ஓ, செம்பிலான் செத்தெங்கா!" என்று அந்த ஒன்பதரையை மலாயில் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில் அவருக்குப் புரையே ஏறிவிட்டது.

மருதமுத்து பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். ஜெயபாலனுக்கு அடிவயிறு வரைக்கும் குளிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். பழி தீர்க்க வந்தவனுக்கு எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால் ஊரில் பாதி வம்பு இருக்காதே!

"ஏ சந்திரா, இங்க வா. உங்கண்ணன் ஒன்பதரை மார்க் போட்ட சரக்கை நீயும் ஒரு வாய் குடிச்சுப் பாரு."

"வேணாங்க..."

"குடின்னா குடி! உங்க வீட்டு நாக்கோட லட்சணத்தை நீயும் தெரிஞ்சுக்க."

மிச்சத்தை டம்ளரில் ஊற்றி நீட்டினான். அவள் ஒரு வாய் குடித்தாள். புருவம் சுருங்கியது. மறுபடி ஒரு வாய் குடித்தாள், இந்த முறை நிதானமாக.

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டிலைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அப்போதுதான் ஜெயபாலனுக்கு உறைத்தது. சிரிப்பு பாதியில் நின்றது.

சந்திரமதி தலையைக் குனியாமல் அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க வாங்கியாந்த ஸ்டவுட்டுன்னு பிரசவத்துல இவரு எனக்கு ஊத்திக் குடுத்ததும் இதேதாண்ணே!"