கருணை மதிப்பெண்

அப்பா எல்லையில் நின்றால் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது. அதற்காகக் கல்வி மாவட்டத்தின் சராசரி இறங்கலாமா? ஆகவே கண்டோன்மென்ட் பள்ளியில், அப்பாவுக்கு எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு கருணை மதிப்பெண்ணை இயந்திரமே பிள்ளைக்குக் கூட்டிப் போட்டது. பள்ளி மாநிலத்திலேயே முதலிடம்.

யார் எங்கே இருக்கிறார் என்று ராணுவம் வீட்டுக்குச் சொல்லாது. மதிப்பெண் சொல்லிவிடும்.

ரிசல்ட் அன்று பள்ளி வாசலில் ஷகிலா லட்டு கொடுத்துக்கொண்டிருந்தாள். "என் பையன் நாலு பாடத்தில ஃபெயில், ரெஜினாக்கா. எங்க வீட்டுக்காரர் லீவுல வர்றார் போல."

"குடுத்து வெச்சவ நீ" என்று லட்டை வாங்கிக்கொண்டு ரெஜினா உள்ளே போனாள்.

தலைமையாசிரியர் எழுந்தே நின்றுவிட்டார். "உங்க ஜெனிஃபா கணக்கில நூத்துக்கு நூறும்மா."

"சார், அவளுக்கு ஏழாம் வாய்ப்பாடே தெரியாது."

"அதனால என்ன? காலைல அறுபதுதான் இருந்தது. மத்தியானம் ஏறிடுச்சு. போன வருஷம் ஒரே ஒரு பையன்தான் நூறு வாங்கினான். பாவம், அந்த வாரமே குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டுப் போயிட்டாங்க."

"குறைச்சுப் போடுங்க சார். ஃபெயில் போட்டாலும் சரி."

"மெஷின் போட்டதை நான் மாத்த முடியாதும்மா. போட்டோ எடுக்கணும், பாப்பாவைக் கூப்பிடுங்க."

ரெஜினா வெளியே வந்தாள். அவள் முகத்தைப் பார்த்த ஷகிலா லட்டு டப்பாவை மூடினாள்.

ஜெனிஃபா ஓடி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நூறுன்னு அப்பாகிட்ட நான்தான் சொல்லுவேன். நீ முந்திக்காதே."