முந்நூறு வெள்ளி மூச்சு

"நிம்மதியா ஒரு மூச்சு விடுறதுக்கு முந்நூறு வெள்ளி தரேன், தம்பி. வேற யாரும் இந்த விலை கொடுக்க மாட்டாங்க!"

கோலாலம்பூர், பிரிக்பீல்ட்ஸ் கிளினிக் வராந்தாவில், லோரி ஓட்டும் ஜெயராஜின் காதோரம் குனிந்து பேரம் பேசினார் தாவூத். கிள்ளானில் மசாலாக் கடை வைத்திருப்பவர். மூட்டையைப் பிரித்தாலே தும்மல். 'இனியும் வாடிக்கையாளர் மூஞ்சியில தும்மினீங்கன்னா, கல்லாவுல என் தம்பி ஆசிம்தான் உட்காருவான்' என்று மனைவி சௌதா கறாராகச் சொல்லிவிட்டாள்.

தாவூத், ஜெயராஜ் இருவருமே புதிய ஒவ்வாமை மருந்துச் சோதனையில் சேர்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அசல் மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது சோதனை முடியும்வரை டாக்டருக்கே தெரியாது.

தாவூதுக்குத் தெரிந்துவிட்டது.

"மாத்திரை போட்டா உனக்குத் தூக்கம் வருதுல்ல?"

"ஆமா பாஸ். மேருவுக்கும் கேரி தீவுக்கும் ரெண்டு ஷிப்ட் ஓட்டுறேன். கண்ணு சொருகுது லா."

"அப்ப உன்கிட்ட இருக்கிறதுதான் அசல். தும்மல் மாத்திரைன்னா தூக்கம் வரணும். பத்து நாளா முழுங்குறேன், எனக்கு ஒரு கொட்டாவி உண்டா?"

"தும்மல் குறைஞ்ச மாதிரி இருக்கே, பாஸ்?"

"அது மழை! தூசி அடங்கிடுச்சு. என் மாவை நீ தின்னுட்டுத் தூங்காம வண்டி ஓட்டு. டப்பா அவங்கவங்ககிட்டயே இருக்கட்டும், மாத்திரையை மட்டும் மாத்திக்குவோம்."

"முந்நூத்தம்பது."

"முந்நூறு. கூட குடிக்க ஒரு தே தாரிக்."

மாத்திரைகள் கைமாறின.

ஒரு மாதம் கழித்து, சோதனை முடிந்து டாக்டர் ஸ்ருதி முன்னால் உட்கார்வதற்குள் தாவூத் ஏழு முறை தும்மிவிட்டார். கல்லாவில் ஆசிம் உட்கார்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

டாக்டர் ரகசியப் பட்டியலைப் பிரித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பாவம் அங்கிள், உங்களுக்குக் கொடுத்தது அசல் மருந்துதான். ஆனா வேலை செய்யல."

"அசலா? எனக்குத் தூக்கமே வரலையே!"

"தூக்கம் வரக்கூடாதுன்னுதானே இந்தப் புது மருந்தே!"

உண்மையைச் சொல்லிவிட வாயைத் திறந்தார் தாவூத். தும்மல்தான் வந்தது.

"இந்த அதிசயத்தைக் கேளுங்க அங்கிள். உங்களோட சேர்ந்த ஒரு லோரிக்காரருக்கு வெறும் மாவு மாத்திரைதான் கொடுத்தோம். அவருக்குத் தும்மல் அடியோட நின்னுடுச்சு!" என்றபடி டாக்டர் பேனாவைத் திறந்து கணக்கை முடித்தார்: 'மருந்து: குணமில்லை, ஒருவர். மாவு: பூரண குணம், ஒருவர்.'