தரை தொட்ட புடலங்காய்

மூன்றாம் மாடியில் காய்த்த என் புதுரகப் புடலங்காய் பகல் ஒரு மணிக்குள் தரையைத் தொட்டால், முதல் மாடி தேவசகாயம் மீசையை எடுக்க வேண்டும். தொடாவிட்டால் நான் ஒரு மாதம் வாயைத் திறக்கக் கூடாது. பாளையங்கோட்டையே நான் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டது.

அன்று மேகங்கள் விட்டுவிட்டு ஓடின. மற்ற செடிகள் வெயிலுக்கும் நிழலுக்கும் மாறுவதற்கே சோம்பல் முறித்துக்கொண்டிருக்கும். என் செடியின் இலைகளோ கண் சிமிட்டுவதற்குள் மாறிக்கொள்ளும்; அதனால் காய் வளர்வது ஒரு நொடியும் நிற்காது. நுனியில் கல் கட்டிய காய் இறங்கிய வேகத்தைப் பார்த்து ஒரு காக்கை ஊரைவிட்டே போய்விட்டது.

தேவசகாயம் மேலே ஓடிவந்து செடிக்குக் குடை பிடித்தார், மடக்கினார், மறுபடி பிடித்தார். காய் நிற்கவில்லை.

“குடைய ஆட்டாதீரும் வே! அதுக்குக் கிச்சுகிச்சு மூட்டுன மாதிரி இருக்கு” என்றேன்.

ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் வானம் மொத்தமாக இருண்டது. வெளிச்சமே இல்லாமல் என் செடியும் என்ன செய்யும்? காய் முதல் மாடி ஜன்னலருகே நின்றுவிட்டது. தேவசகாயம் மீசையை முறுக்கினார்.

அப்போது அந்த ஜன்னல் வழியே அவர் மனைவி ரெஜினாவின் கை கத்தியோடு நீண்டது.

“அண்ணாச்சி, கூட்டுக்குக் கொஞ்சம் எடுத்துக்கிடுதேன்!”

கல்லோடு காயின் அடிப்பக்கத் துண்டு தொப்பென்று தரையில் விழுந்தது.

“ஏட்டி, ஒன்ன யாரு வெட்டச் சொன்னா?” என்று அலறினார் தேவசகாயம்.

“தரையத் தொட்டுட்டுல்லா? கீழ வாங்க, சவரக்கத்தி எடுத்து வச்சிருக்கேன். முப்பத்தெட்டு வருஷமா குத்துது!”