கயிறும் வாளியும்

கோடையில் அந்தக் காட்டுக்கு மிஞ்சியது ஒரே ஒரு கிணறு. குடித்து முடித்ததும் முடிச்சை அவிழ்த்து, கயிற்றை ஒரு பக்கமும் வாளியை ஒரு பக்கமும் வைத்துவிட்டுப் போவது அங்கே வழக்கம்.

தாகத்தோடு வந்த குரங்கு கயிற்றை எடுத்தது. அதற்குள் கரடி வாளியை எடுத்துவிட்டது.

“வாளியைக் கொடுங்கண்ணே, குடிச்சிட்டு ரெண்டையும் தந்துடறேன்” என்றது குரங்கு.

“நீ கயித்தைக் கொடு தம்பி, நானும் அப்படியே தந்துடறேன்.”

இரண்டும் பொய் சொல்லவில்லை. இரண்டும் விடவுமில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. பின்னால் நரியும் மானும் நாக்கு வறண்டு நின்றன.

கிணற்றுக்குள்ளிருந்து ஆமை கேட்டது: “ரெண்டு பேரும் எங்கேயிருந்து வர்றீங்க?”

“மலைக்கு அந்தப் பக்கம்” என்றது கரடி.

“இந்தப் புளியமரம்” என்றது குரங்கு.

“அப்போ நீ கயித்தைப் போட்டுட்டு மரத்துக்கே போ. அவர் குடிச்சதும் திரும்பி வா.”

குரங்குக்கு முகம் சுண்டிப்போனது. நரி சிரிக்குமே! இருந்தாலும் கயிற்றைப் போட்டுவிட்டுப் போனது.

கரடி போனபின் குரங்கு வந்து வயிறு முட்டக் குடித்தது. வழக்கப்படி முடிச்சில் கை வைத்தபோது திரும்பிப் பார்த்தது. நரியின் கண் கயிற்றில் இருந்தது, மானின் கண் வாளியில்.

குரங்கு முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டு மரம் ஏறியது.