ஆகாயத்துக்கும் அதே சட்டம்

"ஒரே தப்புக்கு ஒருத்தனுக்கு மூணு மாசம் சஸ்பெண்டு, இன்னொருத்தனுக்கு வெறும் டிரெய்னிங்கா? இன்னா நாயம் தலைவரே இது?"

செல்லம்மா கேட்ட கேள்வியில் எண்ணூர்க் குப்பத்துப் பஞ்சாயத்தே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. சாயாதா பின்னே? அவள் மகன் உதயா, குப்பத்திலிருந்து போன முதல் பைலட். விமானத்தைக் கொஞ்சம் தடாலென்று இறக்கிவிட்டானாம். அதே வாரம் இன்னொரு பைலட்டும் அப்படித்தான் இறக்கினானாம். அவனுக்கு நாலு நாள் பயிற்சி, இவனுக்கு மட்டும் மூன்று மாதம் வீட்டில் உட்கார்.

தலைவர் தேசப்பன், போன மாதம்தான் தோஸ்து என்றும் பாராமல் தப்புச் செய்த சிவந்தியின் படகைக் கடலுக்கு விடாமல் கரையேற்றி வைத்த மனுஷன். இன்றைக்கு என்ன செய்கிறார் பார்ப்போம் என்றே பாதிக் கூட்டம் வந்திருந்தது.

"போனப் போடுப்பா" என்றார் உதயாவிடம், அவன் முகத்தைப் பார்க்காமல்.

வேண்டாம், இது கம்பெனி விவகாரம் என்று அவன் முனகினான். செல்லம்மா விடுவாளா? விசாரணை நடத்திய கேப்டன் மொஹ்சின் ஸ்பீக்கரில் வந்தார்.

தேசப்பன் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார். எங்கள் குப்பத்தில் படகின் அடி பாறையில் தட்டினால் ஓட்டினவன் ஒரு வாரம் கரையில்தான், யாருக்கும் தள்ளுபடி கிடையாது, உங்கள் கம்பெனியில் மட்டும் ஏன் இப்படி என்று கேட்டார்.

கேப்டன் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். "ஐயா, வேகமா இறக்கினதுக்குத் தண்டனையே இல்லை. அது யாருக்கும் நடக்கும். அந்தப் பையன் இறங்கினதும் தானே வந்து சொல்லிட்டான். உதயா வாயே திறக்கலை. அடுத்த நடை அதே விமானத்துல ஜனங்க ஏறிப் போயிட்டாங்க. அப்புறம் விமானத்துல எல்லாத்தையும் பதிவு பண்ற மெஷின்தான் காட்டிக் கொடுத்துச்சு."

அடி தட்டின படகை மூச்சு விடாமல் அடுத்தவன் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். உதயா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

தேசப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"தப்ப மறைச்சா எங்க குப்பத்துல ரெண்டு மடங்கு சார். ஆறு மாசமா ஆக்கிடுங்க."

கேப்டனுக்கே தூக்கிவாரிப் போட்டது. மூன்றே போதும் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தார். தலைவர் மசியவில்லை. ஊரே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது, செல்லம்மாவைத் தவிர.

மத்தியானம் பசியோடு வீட்டுக்குப் போனால் கதவு உள்பக்கம் தாழ். தேசப்பன் தட்டினார். உள்ளேயிருந்து செல்லம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"பெத்த புள்ளைக்கே ஆறு மாசம் போட்ட ஆளு, உனுக்கு மட்டும் இன்னா சலுகை? ஒரே வூட்ல ரெண்டு நாயம் கெடையாது. நீயும் ஆறு மாசம் வெளியவே கெட."