சுரங்கத்திலிருந்து வந்தவர்

"வாயைத் திறந்தா நான் அழுதுடுவேன். நீயே சொல்லிடும்மா," என்றார் சித்தப்பா, அழைப்பு மணியை அழுத்திவிட்டு.

அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். வண்டி நிறையக் குழந்தைகளின் கூச்சலுக்கு நடுவிலும் எந்த வளைவிலும் தடுமாற மாட்டாள். இன்று சொல்லவேண்டிய முதல் வாக்கியத்தையே மனதுக்குள் பத்துத் தரம் மாற்றிப் பார்த்தாள்.

கீழே பேக்கரி, மேலே வீடு. கதவைத் திறந்த அம்மாளுக்குச் சித்தப்பாவைவிட நாலைந்து வயது கூட இருக்கும். பேக்கரி அவருடையதுதான். முழங்கை வரை மாவு அப்பியிருந்தது.

"வாங்க," என்றவர் அவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே சுத்தமாயிருந்த நாற்காலிகளை இன்னொரு தரம் துடைத்தார். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டே இருந்தார்.

கோபம்தான் என்று அவளுக்குப் பட்டது. இருக்காதா பின்னே?

எல்லாம் அவளே இழுத்துவிட்ட வினை. குடும்பத்தின் பூர்வீகத்தைத் தேடுகிறேன் என்று கிளம்பினாள். தேடாமலே எல்லாருக்கும் தெரிந்தவர் கொள்ளுத்தாத்தா ஒருவர்தான். நிலக்கரிச் சுரங்கம் தீப்பிடித்தபோது உள்ளே மாட்டிக்கொண்ட இரண்டு பேரில் உயிரோடு வந்தவர். முகம் வெந்து, கண் போய், அதற்கப்புறமும் கொள்ளுப்பாட்டியோடு வெகுகாலம் வாழ்ந்தவர். அவர் கையைப் பிடிக்காமல் கொள்ளுப்பாட்டி தெருவில் இறங்கியதே இல்லையாம். "நெருப்பையே முழுங்கிட்டு வந்த மனுஷன்யா எங்க தாத்தா!" என்று சித்தப்பா மார்தட்டாத கல்யாண வீடு கிடையாது.

அந்தச் சித்தப்பாவைத்தான் மரபணு பார்க்கும் எச்சில் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். முடிவில் யாரோ ஒரு பேக்கரிக்காரம்மா அவருக்கு நெருங்கிய ரத்த சொந்தம் என்று வந்தது. யாரென்று விசாரித்தபோதுதான் தலையில் இடி விழுந்தது. அன்றைக்குத் தீயில் செத்துப்போனாரே இன்னொருவர், அவருடைய சொந்தப் பேத்தி!

"சொல்லும்மா," என்றார் அந்த அம்மாள், சுவரைப் பார்த்துக்கொண்டே.

அவள் ஆரம்பித்தாள். "அன்னைக்குச் செத்தது உங்க தாத்தா இல்லீங்க. அவரு உயிரோடதான் வெளியே வந்திருக்காரு. செத்தது எங்க கொள்ளுத்தாத்தா. ரெண்டு பேருக்கும் ஒரே உடம்பு வாகு போல. முகமும் கருகிப்போச்சு. யாருக்கும் அடையாளம் தெரியல. ஆனா, தான் யாருன்னு அவருக்குத் தெரியுமில்ல? செத்தவரு பேரைத் தன் பேருன்னு வெச்சுக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துட்டாரு."

அந்த அம்மாள் புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார். பிரித்தார். மறுபடி சுற்றினார்.

சித்தப்பாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "உங்க பாட்டி அப்ப வாயும் வயிறுமா இருந்தாங்களாமே! அவங்களை நடுத்தெருவுல விட்டுட்டு, அடுத்தவன் வீட்டுல போயி சுகமா உட்கார்ந்திருக்காரு அந்த ஆளு! அவரைத்தான் நான் இத்தனை காலம் தலையில தூக்கி வெச்சு ஆடியிருக்கேன். இனிமே அவரைத் தாத்தான்னு சொல்ல எனக்கு வாய் கூசுது. முறைப்படி நீங்க எனக்குப் பெரியப்பா மக. அக்கா, எங்க குடும்பத்தை மன்னிச்சிடுங்க!"

சொல்லிக்கொண்டே நாற்காலியிலிருந்து சரிந்து அவர் காலில் விழப் போனார்.

"ஐயோ தம்பி, வேண்டாம்! பாவத்துமேல பாவம் சேர்க்காதீங்க!" அந்த அம்மாள் பதறிப் பின்வாங்கினார். பிறகு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "நான் எச்சில் குடுத்ததே உங்களைத் தேடிக் கண்டுபிடிக்கத்தான்."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப... உங்களுக்கு முன்னாடியே தெரியுமா அத்தை?"

"பாட்டி கண்ணை மூடறதுக்கு முன்னாடி என்கிட்ட மட்டும் சொன்னாங்க. அந்தக் குடும்பத்தை எப்படியாவது தேடிப் பிடி, மன்னிப்புக் கேளுன்னு."

"அவங்க எதுக்குக் கேக்கணும்?" என்றார் சித்தப்பா. குரல் கீச்சென்று வந்தது. "ஏமாத்துனது அந்த ஆளு!"

"அவரு யாரையும் ஏமாத்தல தம்பி." முதல் முறையாக அந்த அம்மாள் நிமிர்ந்து அவர்களைப் பார்த்தார். கண் இரண்டும் சிவந்திருந்தன. "ஆஸ்பத்திரியில எங்க பாட்டி அவரு பக்கத்துல போயிருக்காங்க. முகமெல்லாம் கட்டு. காலடிச் சத்தத்தை வெச்சே ஆளைக் கண்டுபிடிச்சு, வீட்டுக்குள்ள மட்டும் கூப்பிடற செல்லப் பேரைச் சொல்லி கையை நீட்டியிருக்காரு. பாட்டி சின்னப் பொண்ணு. வயித்துல பிள்ளை வேற. அந்த உடம்பைப் பார்த்தாங்க. இதோட எப்படிக் காலம் தள்ளப்போறோம்னு பயந்துட்டாங்க. நர்ஸு கேட்டப்ப, 'இது எங்க வீட்டுக்காரர் இல்ல'ன்னு சொல்லிட்டு, வெளியே வந்துட்டாங்க."

சித்தப்பாவும் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீட்டின கை அப்படியே அந்தரத்துல நின்னுதாம். எல்லாத்தையும் பார்த்துக்கிட்டு வாசல்ல நின்னது உங்க பாட்டி. தன் புருஷன்தான் செத்துட்டாருன்னு அந்த நிமிஷமே அவங்களுக்குப் புரிஞ்சுபோச்சு. உள்ளே போயி அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு, எங்க பாட்டி காதுபடவே, 'இவரு என்னோடவரு'ன்னு சொல்லிட்டாங்களாம்."